டிரிப்ஸ் டியூபில் இருக்கும் எண்ணெய்

வீட்டில் தண்ணீர் வரும் குழாயும் மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றும் ஐவி டியூபும் ஒரே பொருள்தான். இரண்டும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். தண்ணீர்க் குழாயை வளைத்தால் உடையும், ஐவி டியூபை விரலில் சுற்றிக்கொள்ளலாம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் டியூபில் சேர்க்கப்படும் ஓர் எண்ணெய். நிறம் கிடையாது, வாசனையும் ஏறக்குறைய கிடையாது. டை-எத்தில்ஹெக்ஸில் தாலேட் என்பது அதன் பெயர், டி.இ.எச்.பி. என்று சுருக்கமாகச் சொல்வோம். பிளாஸ்டிக்கை நெகிழ வைப்பதால் இந்த வகை எண்ணெய்களுக்கு நெகிழ்வூட்டி என்று பொதுப்பெயர். மருத்துவமனைக்கு வரும் மென்மையான பி.வி.சி. பொருட்களில் பெரும்பாலும் எடையில் 20 முதல் 40 சதவீதம் வரை இதுவே இருக்கிறது. சாதாரண ஐவி செட் ஒன்றைக் கையில் எடுத்தால், அந்தக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாக இருக்கலாம்.

நான் மருந்தாளுநர். பல வருடங்களாகப் புற்றுநோய் மருந்துகளைக் கலக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு.வில் இருக்கும் குழந்தைகளுக்கு நரம்பு வழியாக ஏற்றும் ஊட்டச்சத்துக் கலவையைத் தயாரிப்பதும் எங்கள் குழுதான். அந்த வார்டுக்கு வெளியே ஒரு நாள் ஓர் அம்மா என்னை நிறுத்தினார். ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை உள்ளே இருந்தது.

“மேடம், டியூப்ல இருக்கிற பிளாஸ்டிக் கரைஞ்சு ரத்தத்துல கலக்குதாமே? என் தம்பி வாட்ஸ்அப்ல அனுப்பிச்சான். பாப்பாவுக்கு அத நிறுத்திரச் சொல்லலாமா?”

“நிறுத்தச் சொல்லிராதீங்கம்மா. பாப்பாவுக்கு இப்ப சாப்பாடே அதுலதான் போகுது.”

“அப்ப கலக்குறது பொய்யா?”

பொய் இல்லை. கலக்கத்தான் செய்கிறது. வார்டு வாசலில் நின்றபடி அவருக்குச் சொன்னது கொஞ்சம்தான், முழுவதும் சொல்ல நேரம் இல்லை. அவருக்கும், அந்தச் செய்தியை அனுப்பிய தம்பிக்கும், ஐவி செட் வாங்க முடிவெடுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

டி.இ.எச்.பி. பி.வி.சி.யோடு வேதிப்பிணைப்பு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பி.வி.சி.யின் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டிப் போடப்படாதது என்பதால் வெளியேற வழி கிடைத்தால் வெளியேறும். தண்ணீரில் அது கரைவது மிகமிகக் குறைவு, கொழுப்பில் நன்றாகக் கரையும். மீதமான எண்ணெய்க் குழம்பை பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி வைத்தவர்களுக்கு இது புரியும்: மறுநாள் எவ்வளவு தேய்த்தாலும் அந்த மஞ்சள் போகாது, தண்ணீர் வைத்த டப்பாவில் அப்படி எதுவும் நடக்காது. எண்ணெய்ப்பசையுள்ள திரவம் டியூப் வழியே போகும்போது டியூபின் எண்ணெய் அதற்குள் இறங்குகிறது. டியூப் எவ்வளவு நீளம், எவ்வளவு மெல்லியது, திரவம் எவ்வளவு மெதுவாகப் போகிறது, எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து இறங்கும் அளவு மாறும்.

ஆகவே ‘டிரிப்ஸ் ஆபத்தா?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தத் திரவம், யாருக்கு, எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2001இல் வெளியிட்ட மதிப்பீடு இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. குட்டி ஆண் எலிகளுக்கு நரம்பு வழியாக டி.இ.எச்.பி. கொடுத்த ஆய்வில், விதைப்பைக்குப் பாதிப்பு தெரியாத அளவு எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம். அதை நூறால் வகுத்து, மனிதருக்கு நரம்பு வழியாகத் தாங்கக்கூடிய அளவு கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் என்று வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு சிகிச்சையிலும் எவ்வளவு உள்ளே போகிறது என்று கணக்கிட்டார்கள். பெரியவர் ஒருவருக்குச் சாதாரண சலைனோ குளுக்கோஸோ ஏற்றினால் கிலோவுக்கு 0.005 மில்லிகிராம். வரம்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ இரண்டு பாட்டில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவர் இதற்காக ஒரு நிமிடமும் கவலைப்பட வேண்டாம். நம் ஊரில் பெரும்பாலும் சலைன் வரும் பாட்டிலும் பி.வி.சி. கிடையாது, பாலிஎத்திலீன். நெகிழ்வூட்டி சேர்க்காமலே அது வளையும். பி.வி.சி. என்பது பாட்டிலில் குத்தும் டியூப் மட்டுமே.

அதே பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்கினால் எண்கள் வேறு மாதிரி ஆகின்றன. பச்சிளங்குழந்தைக்குக் கொழுப்பு சேர்த்த ஊட்டச்சத்தை நரம்பில் ஏற்றினால் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், அதாவது வரம்பைப்போல நான்கு மடங்கு. கொழுப்பு இல்லாமல் அதே கலவையை ஏற்றினால் வெறும் 0.03. இதயமும் நுரையீரலும் செயலிழந்த சிசுவின் ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ சிகிச்சையில் 14. கடுமையான மஞ்சள் காமாலைக்கு முழு ரத்தத்தையும் மாற்றும்போது 22.6. பிந்தையது ஒரே ஒரு நாள் நடக்கும் சிகிச்சை, குழந்தையின் மூளையைக் காப்பாற்றுகிற சிகிச்சை. தினசரி வரம்போடு அதை நேராக ஒப்பிடுவது சரியாகாது. எஃப்.டி.ஏ.யும் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: தேவையான சிகிச்சையைத் தவிர்ப்பதால் வரும் ஆபத்து டி.இ.எச்.பி.யால் வரக்கூடிய ஆபத்தைவிட மிக மிக அதிகம். அந்த அம்மாவிடம் நான் முதலில் சொன்னதும் இதைத்தான்.

ஆனால் கொழுப்புக் கலவை விஷயம் வேறு. குறைப்பிரசவக் குழந்தைக்கு அது ஒரு நாளோடு முடிவதில்லை, வாரக்கணக்கில் போகும்.

என்.ஐ.சி.யு.வில் அந்தக் கலவை எப்படிப் போகிறது என்று நேரில் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தை. பால்போல வெள்ளையான கொழுப்புக் குழம்பு சிரிஞ்ச் பம்பில் இருக்கிறது. மணிக்கு அரை மில்லி, சில சமயம் அதற்கும் குறைவு. பம்பிலிருந்து இன்குபேட்டருக்குள் இருக்கும் குழந்தையை எட்டுவதற்கு நூல்போன்ற மெல்லிய எக்ஸ்டென்ஷன் லைன், சில இடங்களில் இரண்டு லைன்களை இணைத்திருப்பார்கள். டியூபில் நுழைந்த ஒரு சொட்டு குழந்தையை எட்ட மணிக்கணக்காகும். அந்த டியூபின் கடைசிப் பகுதி இன்குபேட்டரின் கதகதப்பில் கிடக்கிறது. கொழுப்பு, மெதுவான ஓட்டம், மெல்லிய நீளமான டியூப், சூடு: கசிவை அதிகரிக்கும் எல்லாமே ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. கசிந்ததைப் பெற்றுக்கொள்வதோ அந்த வார்டிலேயே மிகச் சிறிய உடல், கல்லீரல் இன்னும் முழுதாக வேலை பழகாத உடல். டி.இ.எச்.பி. உடைந்து உண்டாகும் பொருட்களைச் சர்க்கரை அமிலத்தோடு இணைத்துச் சிறுநீரில் தள்ளும் திறன் பச்சிளங்குழந்தைக்குக் குறைவு.

ஜெர்மனியின் மான்ஹைம் நகரக் குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் இதை அளந்து வெளியிட்டார்கள். 20 சதவீதக் கொழுப்புக் குழம்பை ஒரு நாள் முழுக்க பி.வி.சி. லைன் வழியாகச் செலுத்தியதில் சுமார் 10 மில்லிகிராம் டி.இ.எச்.பி. வெளியே வந்தது. பிறகு அதே ஊரில் பி.வி.சி. இல்லாத லைன்களுக்கு மாறினார்கள். மாறுவதற்கு முன்னும் பின்னும் நரம்புவழி ஊட்டம் பெற்ற குழந்தைகளை ஒப்பிட்டு 2009இல் எழுதினார்கள்: பித்தம் தேங்கி மஞ்சளாகும் நிலை முன்பு பாதிக் குழந்தைகளுக்கு வந்தது, மாறிய பிறகு 13 சதவீதம். சிறிய ஆய்வுதான். அந்த வருடங்களில் வேறு பராமரிப்பு முறைகளும் மேம்பட்டிருக்கலாம், எல்லாப் பெருமையையும் டியூபுக்குக் கொடுக்க முடியாது. இருந்தாலும் அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு வார்டில் கல்லீரல் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் லைனின் மேல் போகிறது.

பாஸ்டனில் இரண்டு மருத்துவமனைகளின் என்.ஐ.சி.யு.க்களில் 54 குழந்தைகளின் சிறுநீரைப் பரிசோதித்த ஆய்வு 2005இல் வந்தது. அதிகமாக பி.வி.சி. சாதனங்கள் பொருத்தப்பட்ட குழந்தைகளின் சிறுநீரில் டி.இ.எச்.பி.யின் சிதைவுப்பொருள், குறைவாகப் பொருத்தப்பட்டவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு இருந்தது. ஆக, உள்ளே போகிறதா என்பதில் இனி விவாதம் இல்லை. உள்ளே போனது என்ன செய்கிறது என்பதில்தான் விவாதம்.

இங்கே நான் கவனமாக எழுத வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள் ‘புற்றுநோய்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகின்றன. எலிகளில் டி.இ.எச்.பி. கல்லீரல் கட்டிகளை உண்டாக்கியது உண்மை. ஆனால் அது நடக்கும் வழிக்கு எலியின் கல்லீரல் மனிதருடையதைவிட மிக அதிகமாக எதிர்வினை காட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1982இல் இதைச் ‘சாத்தியமுள்ளது’ என்ற பட்டியலில் வைத்து, 2000இல் அங்கிருந்து எடுத்து, 2011இல் கூடிய குழு மீண்டும் அதே பட்டியலில் சேர்த்தது. அறிவியலாளர்களுக்கே இதில் முடிவான கருத்து உருவாகவில்லை என்பது இந்தப் போக்குவரத்திலிருந்தே தெரிகிறது. எனக்கு உண்மையில் கவலை தருவது ஆண் குழந்தைகளின் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சி. எலிகளில் மிகத் தெளிவாகத் தெரிந்த பாதிப்பு அதுதான், குட்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவு பாதிப்பு. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2006இல், தீவிர சிகிச்சை பெறும் ஆண் சிசுக்களைக் குறித்து ‘கடுமையான கவலை’ என்ற தன் மிக உயர்ந்த எச்சரிக்கைச் சொல்லைப் பயன்படுத்தியது.

மனிதரில் கிடைத்த சான்றுகள் இரு பக்கமும் இருக்கின்றன. பிறந்தவுடன் எக்மோவில் இருந்து, மிக அதிக அளவு டி.இ.எச்.பி.யைப் பெற்ற 19 பேரை 14 முதல் 16 வயதில் வாஷிங்டனில் பரிசோதித்தார்கள், 2004இல் வெளியான ஆய்வு அது. வளர்ச்சியிலோ பருவமடைதலிலோ குறிப்பிடத்தக்க கோளாறு எதுவும் இல்லை. படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. 19 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதும், பிற்காலக் குழந்தைப்பேற்றை அந்த வயதில் கணிக்க முடியாது என்பதும் பிறகுதான் மனதில் ஓடின. மறுபக்கம், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது ரத்தத்தில் டி.இ.எச்.பி.யின் சிதைவுப்பொருட்கள் அதிகம் இருந்த பிள்ளைகளுக்கு, நான்கு வருடம் கழித்துக் கவனக்குறைபாடும் அதிகம் இருந்தது. நோய் கடுமையாக இருக்கும் பிள்ளைக்குத்தானே டியூப்களும் அதிகம் என்று உடனே தோன்றும். ஆய்வாளர்கள் நோயின் கடுமையையும் கணக்கில் எடுத்துக்கொண்டே அந்தத் தொடர்பைப் பார்த்தார்கள். தொடர்பு தெரிந்ததாலேயே காரணம் நிரூபணமாகிவிடாது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

நிரூபணம் வரும்வரை காத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்றால் பொம்மைகள் விஷயத்தில் யாரும் காத்திருக்கவில்லை. குழந்தை வாயில் வைத்துச் சப்பும் பிளாஸ்டிக் பொம்மையில் டி.இ.எச்.பி. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும், அமெரிக்கா 2008இலும் சட்டம் போட்டன. நம் இந்தியத் தரநிர்ணயத்திலும் பொம்மைகளில் டி.இ.எச்.பி. சேர்ந்த தாலேட் வகைப் பொருட்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. வாயில் வைப்பதற்கு 0.1 சதவீதம் என்று வரம்பு வைத்த உலகம், பொம்மையைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாத ஒரு கிலோ குழந்தையின் ரத்தக்குழாயோடு 30 சதவீதம் கொண்ட டியூபை இணைக்கிறது. உயிர்காக்கும் சாதனத்துக்குச் சலுகை வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு, மாற்று இல்லாத காலத்தில். இப்போது மாற்று இருக்கிறது.

இந்தப் பொருள் மருத்துவமனைக்குள் வந்த கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது, அது நல்ல காரியத்துக்காகத்தான் வந்தது. ரத்தம் முன்பு கண்ணாடி பாட்டில்களில் இருந்தது. உடையும், காற்றுக்குமிழி சிக்கும், கழுவித் திரும்பப் பயன்படுத்தும்போது கிருமியும் சேரும். பாஸ்டன் அறுவை மருத்துவர் கார்ல் வால்டரும் வில்லியம் மர்ஃபி என்ற இளம் மருத்துவரும் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் பி.வி.சி. ரத்தப் பையை உருவாக்கினார்கள். கொரியப் போர்க்களத்தில் அது தன்னை நிரூபித்தது. பிளாஸ்மா, பிளேட்லெட், சிவப்பணு என்று ரத்தத்தைப் பிரித்து ஒரு கொடையாளியின் ரத்தத்தைப் பல பேருக்குக் கொடுக்க முடிவதும் இந்தப் பையால்தான். அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே கிடையாது.

அது கசிகிறது என்பதும் நேற்றுத் தெரிந்ததில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேகர், ரூபின் என்ற இருவர் எலியின் கல்லீரலைத் தனியே எடுத்து பி.வி.சி. டியூப் வழியாக ரத்தம் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தேடாத ஒரு பொருள் ரத்தத்தில் தென்பட்டது. அதைத் துரத்திப் போனால் டியூபில் போய் முடிந்தது. 1970இல் எழுதினார்கள், 1972இல் ரத்தப் பையிலிருந்து மனிதரின் திசுக்களுக்கே அது போயிருப்பதைக் காட்டினார்கள். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

ஆனால் ரத்தப் பையை மட்டும் மாற்ற முடியாமல் தடுப்பதும் டி.இ.எச்.பி.யேதான். பையிலிருந்து கசியும் எண்ணெய் சிவப்பணுவின் சவ்வுக்குள் புகுந்து அதை உறுதியாக்குகிறது. பாதுகாப்புக்காகச் சேர்க்கும் கரைசலோடு சிவப்பணுக்களை 42 நாள் வரை குளிரில் வைத்திருக்க அது உதவுகிறது. டி.இ.எச்.பி.யை எடுத்துவிட்டால் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைகின்றன. ரத்தத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு உள்ள நாட்டில் சேமிப்பு நாட்களைக் குறைப்பது சாதாரண விஷயம் இல்லை. ரத்தப் பைக்கு அவசரப்பட வேண்டாம் என்று நினைப்பவள் நான். டியூபுக்கு அந்தச் சாக்கு கிடையாது. கொழுப்புக் குழம்புக்கோ, மூக்குவழி டியூபில் ஊட்டும் பாலுக்கோ டி.இ.எச்.பி.யால் ஒரு நன்மையும் இல்லை.

புற்றுநோய்ப் பிரிவில் நாங்கள் இதை வெகுகாலம் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. பாக்லிடாக்செல் தண்ணீரில் கரையாத மருந்து. அதைக் கரைக்க ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்யப்பட்ட கிரெமோஃபோர் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது பி.வி.சி.யிலிருந்து டி.இ.எச்.பி.யை வாரி எடுக்கும். ஆகவே கண்ணாடி பாட்டில் அல்லது நெகிழ்வூட்டி தேவைப்படாத பாலிஒலிஃபின் பிளாஸ்டிக் பை, உள்ளே பாலிஎத்திலீன் பூசிய செட், 0.22 மைக்ரான் வடிகட்டி என்று மருந்தோடு வரும் தாளிலேயே எழுதியிருக்கிறது. யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. சிஸ்டர்கள் தவறான செட்டை எடுத்தால் ஒருவரையொருவர் திருத்துகிறார்கள். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் போகும் மருந்துக்கு இந்தக் கவனம். பிறந்து பத்து நாள் ஆன குழந்தைக்கு இருபத்துநாலு மணி நேரமும் போகும் கொழுப்புக்குப் பல இடங்களில் இந்தக் கவனம் இல்லை. மருந்துத் தாளில் எழுதியிருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

டியூபுக்கும் மருந்துக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கல் இருவழிப்பாதை என்பதையும் சொல்ல வேண்டும். இதயவலிக்குக் கொடுக்கும் நைட்ரோகிளிசரினில் பெரும் பங்கை பி.வி.சி. டியூப் தானே உறிஞ்சிக்கொள்ளும், நோயாளிக்குப் போய்ச் சேருவது குறையும். அமியோடரோன் இன்னும் சிக்கல். இதயத்துடிப்பைச் சீராக்கும் இந்த மருந்து டியூபில் ஒட்டவும் செய்யும், டியூபிலிருந்து டி.இ.எச்.பி.யை இழுக்கவும் செய்யும். ஆனால் அதன் மருத்துவப் பரிசோதனைகள் எல்லாமே பி.வி.சி. டியூபில்தான் நடந்தன, ஒட்டிப்போகும் பங்கையும் சேர்த்தே டோஸ் நிர்ணயித்தார்கள். அதனால் அமெரிக்க மருந்துத் தாள் பி.வி.சி. டியூபையே பரிந்துரைக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போவதாக இருந்தால் பாட்டில் மட்டும் கண்ணாடியாகவோ பாலிஒலிஃபினாகவோ இருக்க வேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தோடு வார்டு முழுக்க ஒரே நாளில் டியூபை மாற்றினால் இப்படிப்பட்ட மருந்துகளின் டோஸ் குலையும். மருந்தாளுநரைக் கேட்காமல் யாரும் டியூப் மாற்றக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சட்டங்கள் மெதுவாக நகர்கின்றன. பிரான்ஸ் 2012இல் சட்டம் இயற்றி, 2015 ஜூலை முதல் பச்சிளங்குழந்தை, குழந்தைகள், மகப்பேறுப் பிரிவுகளில் டி.இ.எச்.பி. உள்ள டியூப்களைத் தடை செய்தது. எனக்குத் தெரிந்தவற்றில் மிகப் புத்திசாலித்தனமான சட்டம் அது, எங்கே ஆபத்து குவிந்திருக்கிறதோ அங்கேயே கை வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏன் என்று காரணம் காட்டவும் பாக்கெட்டில் அச்சிடவும் சொல்கிறது. மருத்துவச் சாதனங்களில் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த 2030 ஜூலை 1 வரை அவகாசம் தந்திருக்கிறது. கலிஃபோர்னியா 2024இல் இயற்றிய சட்டத்தின்படி ஐவி பைகளுக்கு 2030, டியூப்களுக்கு 2035 கெடு. உலகிலேயே அதிகக் குறைப்பிரசவங்கள் நடக்கும் நாடு இந்தியா, 2020இல் மட்டும் சுமார் 30 லட்சம். இந்தக் கேள்வி வேறு யாரையும்விட நமக்குத்தான் அவசரம்.

மாற்றாக வருவது என்ன என்பதையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும். டி.ஓ.டி.எம்., டிஞ்ச், டி.இ.எச்.டி. என்று சில நெகிழ்வூட்டிகள் இப்போது சந்தையில் இருக்கின்றன. பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததில் டி.ஓ.டி.எம். மிகக் குறைவாகக் கசிகிறது. அதன் மூலக்கூறு பெரியது, சுலபமாக நகராது. டிஞ்ச் 2002இல் வந்தது. டி.இ.எச்.பி.யில் கண்ட இனப்பெருக்கப் பாதிப்பு அதன் விலங்குச் சோதனைகளில் தென்படவில்லை. ஆனால் ஜெர்மனியில் மக்களின் சிறுநீரில் அதன் தடயம் வருடத்துக்கு வருடம் ஏறியது. ‘டி.இ.எச்.பி. இல்லை’ என்று பாக்கெட்டில் பார்த்ததும் நிம்மதியடையாமல், அப்படியானால் எது இருக்கிறது என்று கேளுங்கள். பாலியூரிதேன், பாலிஎத்திலீன், சிலிக்கோன் போன்றவற்றுக்கு நெகிழ்வூட்டியே தேவையில்லை. கொழுப்பு ஏற்றும் லைனுக்கு என் முதல் தேர்வு அவைதான்.

நான் கேட்டபோது பல விற்பனைப் பிரதிநிதிகளுக்கு இந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. “மேடம், மெடிக்கல் கிரேடுதான் மேடம்” என்பார்கள். மெடிக்கல் கிரேடு என்பது நெகிழ்வூட்டியின் பெயர் இல்லை. எங்கள் ஸ்டோரில் இருந்த செட்களில் பலவற்றின் உறையில் கிருமிநீக்கம் செய்த முறை, காலாவதித் தேதி, விலை எல்லாம் இருந்தது, உள்ளே எந்த எண்ணெய் என்பது இல்லை. வாங்கும் குழுவில் எழுந்த முதல் ஆட்சேபம் எதிர்பார்த்ததுதான்: விலை. மருத்துவமனை முழுக்க மாற்றினால் செலவு தாங்காது என்றார்கள். முழுக்க மாற்றச் சொல்லவில்லை என்று விளக்கினேன். சலைன் போகும் ஆயிரக்கணக்கான செட்கள் அப்படியே இருக்கட்டும். என்.ஐ.சி.யு.வில் கொழுப்புக் குழம்பு போகும் எக்ஸ்டென்ஷன் லைன் மட்டும் மாறினால் போதும். மொத்தக் கொள்முதலில் அது மிகச் சிறிய பங்கு. பிரிவின் தலைமை மருத்துவர் ஆதரித்தார். லைன் மாறியது. அதோடு லைனை முடிந்தவரை குட்டையாக வைப்பது, தேவையில்லாமல் இரண்டை இணைக்காமல் இருப்பது என்று சிஸ்டர்கள் தாங்களே ஒரு பழக்கம் கொண்டுவந்தார்கள். இதற்குச் செலவே இல்லை.

அடுத்தது ரைல்ஸ் டியூப். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் பி.வி.சி. டியூபைச் சில நாள் கழித்து உருவிப் பார்த்திருக்கிறீர்களா? போடும்போது வளைந்து கொடுத்தது, எடுக்கும்போது விறைத்திருக்கும். நெகிழ வைத்த எண்ணெய் வயிற்றுக்குள் போய்விட்டது என்பதற்கு இதைவிட வேறு பரிசோதனை தேவையில்லை. பாலில் கொழுப்பு இருக்கிறது. வாய்வழி, வயிற்றுவழி போகும் டி.இ.எச்.பி.க்கு எஃப்.டி.ஏ. வைத்த வரம்பும் கடுமையானது, கிலோவுக்கு 0.04 மில்லிகிராம். குடலில் உள்ள நொதிகள் அதை உடைத்து, அதைவிடக் கெடுதலான வடிவத்துக்கு மாற்றுவதே காரணம். பாலியூரிதேனில் செய்த சின்ன ஃபீடிங் டியூப்கள் கிடைக்கின்றன, விறைக்காது, அடிக்கடி மாற்ற வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழந்தை படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு காரணமே போதும். அதற்கான கோரிக்கை இப்போது குழுவின் முன் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் லைனைவிட விலை வித்தியாசம் கூடுதல் என்பதால் இழுபடுகிறது.

குழந்தை என்.ஐ.சி.யு.வில் இருக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், டாக்டரிடமோ சிஸ்டரிடமோ இரண்டே கேள்வி கேளுங்கள். கொழுப்பு போகும் லைன் டி.இ.எச்.பி. இல்லாததா? பால் போகும் டியூப் எந்தப் பொருளால் ஆனது? ‘தெரியவில்லை’ என்று பதில் வந்தால் சண்டை போட வேண்டாம், மருந்தகத்தில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எது எப்படியானாலும் ஓடிக்கொண்டிருக்கும் பம்பை நிறுத்தச் சொல்லாதீர்கள்.